நான்காம் ஜெபக் குறிப்பு

அத்தை,

நேற்று மத்தியானம் வீட்டில் பீஸ் போய்விட்டது. உங்கள் மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தார். நானே ஸ்டூல் போட்டு ஏறி, மெயின் பெட்டியைத் திறந்து, பீஸ் கட்டையை உருவினேன். நீங்கள் வேலை பார்த்த தொழிற்பேட்டையிலிருந்து கொண்டுவந்து மாட்டச் சொன்ன வெள்ளைப் பீங்கான் கட்டை. விளிம்பில் ஒரு பிசிர் கிடையாது. இருபது வருஷம் அங்கே பீங்கானுக்குப் பிசிர் எடுத்த கை ஆயிற்றே. எந்தக் கட்டையையும் பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துத்தான் கீழே வைப்பீர்கள். "கண்ணு ஏமாத்திப்புடும், வெரலு ஏமாத்தாது" என்பீர்கள்.

நானும் அப்படித் தடவிப் பார்த்தேன். உங்கள் பெருவிரல் இன்னொரு இடத்திலும் நின்றதே, அது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஸ்டூல் மேலேயே நின்று அழுதேன். துக்கத்தில் அழுதேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் வெட்கத்தில்தான் அழுதேன்.

ஆப்பிரிக்காவில், மலாவியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாரும், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்ஸும் வேண்டும் என்று சபைக் கூட்டத்தில் சொன்னபோது, நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று மாதம் உபவாசம் இருந்து ஜெபித்தோம். போதகர் ஐயாவிடம் சொன்னோம். மூப்பர்களிடம் சொன்னோம். ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னோம். பக்கத்து அறையில் இருந்த உங்களிடம் மட்டும் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட நீ சொல்லு" என்றார் உங்கள் மகன். உங்க அம்மா, நீங்களே சொல்லுங்க என்றேன் நான். மாமா போனபிறகு பேட்டைக் கூலியில் அவரை எம்.எஸ்சி. வரைக்கும் படிக்கவைத்தவர் நீங்கள். அழுவீர்கள் என்று அவருக்குப் பயம். வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். முன்பின் தெரியாத ஜனங்களிடம் போய்ப் பேசப்போகிறவர்களுக்கு வீட்டுக்குள் வாய் வரவில்லை, பாருங்கள்.

கடைசியில் உங்களுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தோம். எந்த நாட்டுக்குப் போறாங்க என்று அவர் கேட்க, அவங்க வந்து சொல்லுவாங்க என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். சாயங்காலம் எங்களிடம், "போலீஸு வந்துட்டுப் போனாரு. டீ குடுத்தேன்" என்று மட்டும் சொன்னீர்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். உங்கள் மகன் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நான் பால் பொங்குகிற மாதிரி அடுப்படிக்கு ஓடினேன்.

அதற்கப்புறம் நீங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டீர்கள். இரண்டு சனிக்கிழமை வேலை முடிந்ததும் திட்டக்குடி பஸ் ஏறி எஸ்தர் வீட்டுக்குப் போனீர்கள். மகளிடம் எங்களைப் பற்றிக் குறை சொல்லத்தான் போகிறீர்கள் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அம்மா என்னம்மா சொல்றாங்க என்று ஐயா கேட்டபோது நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அவங்களுக்காக ஜெபிக்கணும் ஐயா என்றேன். உங்களிடம் பேசுவதைவிட உங்களுக்காக ஜெபிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

பிறகு, எங்களுக்காக என்னென்ன ஜெபிக்கவேண்டும் என்று சபைக்கு எழுதிக் கொடுத்த அந்த ஜெபக் கடிதம். எழுதியது நான்தான், அவர் தலையில் கட்டமாட்டேன். ஒன்று, விசா. இரண்டு, அந்த ஊர் பாஷை. மூன்று, சரீர சுகம். நான்கு: "எங்கள் தாயாரின் இருதயத்தைக் கர்த்தர் இளகச் செய்து, ஊழியத்துக்கு இருக்கும் தடைகளை நீக்கும்படி."

அச்சடித்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கொடுத்தார்கள். வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்த கை உங்களிடமும் ஒன்றை நீட்டும் என்று எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்றோ. என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். வரிக்கு அடியில் பெருவிரலை நகர்த்தி நகர்த்தி எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். நான்கில் விரல் நின்றது. திரும்பவும் வரியின் தொடக்கத்துக்குப் போய்ப் படித்தீர்கள். ஐயா ஒவ்வொரு குறிப்பாகச் சொல்லச் சொல்லச் சபை ஜெபித்தது. நான்காவதுக்கு எல்லோரோடும் சேர்ந்து நீங்களும் ஆமென் சொன்னீர்கள்.

அன்றைக்குக் கறிக்குழம்பு. எங்களுக்குப் பரிமாறிவிட்டு, நீங்கள் சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் கேட்டீர்கள்.

"நான் எப்பம்மா உங்களத் தடுத்தேன்?"

"அது பொதுவா எல்லாரும் எழுதறதுதான் அத்தை."

மிஷனரியாகப் போகிறவள் மாமியாரிடம் சொன்ன பொய் இது. "சரிம்மா, அப்ப நானும் ஜெபிக்கிறேன்" என்றீர்கள்.

வீம்புக்குச் சொல்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் உங்கள் அறையிலிருந்து குரல் கேட்டது. விசாவுக்காக, பாஷைக்காக, எங்கள் சுகத்துக்காக ஜெபித்தீர்கள். அப்புறம் காகிதத்தில் இருந்தது இருந்தபடியே, "எங்கள் தாயாரின் இருதயத்தை இளகச் செய்யும் ஆண்டவரே" என்றீர்கள். யாரோ ஒரு அம்மாவுக்காக வேண்டுகிற மாதிரி உங்களுக்காகவே வேண்டிக்கொண்டீர்கள். தினமும் அப்படித்தான். நடுவில் இருந்தது ஒரு கதவு. அதைத் தள்ளிக்கொண்டு வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் மகன் ஃபேனைக் கூட்டி வைத்தார், நான் குக்கரை ஏற்றினேன்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம், லீவு போட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. எழுப்ப வந்தவள் நான்தான். நாடி பார்த்ததும் நான்தான்.

அடக்கத்தன்று சபையில் ஒரு அம்மா என் தோளைத் தடவிக்கொடுத்து, ஆண்டவர் வழியைத் திறந்துட்டாரும்மா என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அவர் சொல்வதற்கு முன்பே, உங்கள் கையை நான் கீழே வைத்த அந்த நிமிஷமே, இனிமேல் கேட்கவேண்டிய அவசியம் இல்லை என்று எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. ஒரே ஒரு மூச்சுதான். உங்கள் மகனிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் எஸ்தர் சொன்னாள். அந்த இரண்டு சனிக்கிழமையும் நீங்கள் அங்கே போனது அவள் வீட்டு முன் அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடிக்கவாம். நாங்கள் கிளம்பியதும் நீங்கள் அங்கே போய் இருப்பதாக இருந்ததாம். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று நான் அவளிடம் சண்டைக்கே போனேன். அம்மாதான் சொல்லக்கூடாதுன்னாங்க அண்ணி என்று சொல்லி, நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னாள்:

"அவங்க வந்து கேக்கட்டும்டி. கேட்ட ஒடனே போயிட்டு வாங்கன்னு சொல்லணும், யோசிக்கற மாதிரி நிக்கக் கூடாது. அதுக்குத்தான் இப்பவே எல்லாத்தையும் ரெடி பண்றேன்."

இளகவேண்டிய இருதயம் யாருடையது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அடுத்த ஜெபக் கடிதம் இந்த வாரம் அனுப்பவேண்டும். நான்காம் இடத்தில் உங்கள் மகன், "தடைகள் நீங்கியதற்காக ஸ்தோத்திரம்" என்று பழக்கதோஷத்தில் தட்டி வைத்திருந்தார். அதை அழித்துக்கொண்டிருந்தபோதுதான் பீஸ் போயிற்று. கம்பி மாற்றி, கட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினேன்: "எங்கள் தாயார் ஒருநாளும் எங்களுக்குத் தடையாக இருந்ததில்லை. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அப்படி எழுதிவிட்டோம். எங்களை மன்னிக்கும்படி ஜெபியுங்கள்."

சாயங்காலம் அவர் படித்துவிட்டு, இதைப் போய் அச்சடிக்கறதா என்றார். அன்னைக்கு அதை அச்சடிச்சோமே என்றேன். சட்டையைக்கூட மாற்றாமல் இன்னொரு தரம் முதலிலிருந்து படித்தார். பிறகு, சபையில் ஐயா படிக்க வேண்டாம், நானே எழுந்து படிக்கிறேன் என்றார்.

உங்கள் வேதாகமத்துக்குள் அந்தப் பழைய காகிதம் இருந்தது. தினமும் பிரித்துப் பிரித்து மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாகிவிட்டது. இப்போது அது என் வேதாகமத்தில் இருக்கிறது. விசா வந்துவிட்டது, டிக்கெட் இன்னும் போடவில்லை. உங்கள் அறை வாசலில் போய் நின்று கேட்கவேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். கதவு திறந்துதான் கிடக்கிறது. இன்று காலை இரண்டு பேருமாகப் போய் நின்றோம். அவருக்கு வாய் வரவில்லை. அதனால் நான்தான் கேட்டேன்.

அத்தை, நாங்க போயிட்டு வரட்டுமா?