வலது கதவின் பீடிங்

என்னங்க, இன்று காலை ஹேர் டிரையரைக் காரின் கதவில் காட்டிக்கொண்டிருந்தேன். சூட்டில் பழைய பசை இளகி, ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது. பாசத்தோடு வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு பக்கக் கதவுகளிலும் நீங்கள் ஒட்டவைத்த கறுப்பு ரப்பர் பட்டை, அந்த பீடிங்கின் நுனி கிளம்பி, ஓடும்போது படபடவென்று அடித்தது. வாட்டர் வாஷ்காரர்தான் வழி சொன்னார். "கத்திய கித்திய விட்றாதீங்கம்மா, பெயிண்டோட பிச்சுக்கிட்டு வந்துரும். சூடு காட்டி, தூண்டில் நரம்ப உள்ள விட்டு மெதுவா அறுங்க. மிச்சப் பசைய எண்ணெ தொட்டுக் கட்டைவிரலால உருட்டுங்க."

இடது பக்கத்தை முதலில் எடுத்தேன். அங்கேதான் என் கீறல் இருக்கிறது. கார் வாங்கிய அன்று விராலிமலை அடிவாரத்தில் பூஜை போட்டோம். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற என்னைத்தான் உட்காரவைத்தீர்கள். லைசென்ஸ் வாங்கிய புதுப் பெருமை எனக்கு. பழம் நசுங்குகிறதா என்று வலப்பக்கம் எட்டிப் பார்த்ததில் இடப்பக்கம் கல்தூணில் உரசிவிட்டேன்.

"சாமி முன்னாலயே கோடு போட்டுட்டியே! ஒனக்கு வண்டி ராசி இல்ல. இனிமே தொடாத" என்றீர்கள், அத்தனை பேர் முன்னால்.

நம் தெருமுனையிலேயே இறங்கி அழுதுகொண்டு நடந்தேன். நீங்கள்தான் காரை வீட்டுக்குள் விட்டீர்கள். மறுநாள் நான் எழுந்து வருவதற்குள் கடைக்குக் கொண்டுபோய் பீடிங் ஒட்டிவிட்டீர்கள். "கீறல் ஒரு பக்கந்தானேங்க?" என்றேன். "ஒத்தப் பக்கம் ஒட்டுனா நல்லாவா இருக்கும்?" என்றீர்கள். அதன்பிறகு வந்த விருந்தாளிக்கெல்லாம் என் கதையைக் காபியோடு கொடுத்தீர்கள். நான் ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை.

இன்று பார்த்தால் அந்தக் கீறல் ஒரு விரல் நீளம்கூட இல்லை.

பிறகு வலது கதவைப் பிரித்தேன். முழ நீளத்துக்கு ஒரு கீறல். அதன் பள்ளத்தில் பச்சை பெயிண்ட், நம் வீட்டு கேட்டின் பச்சை. அன்றைக்கே காரை உள்ளே விடும்போது நீங்களும் இடித்திருக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பசையை உருட்டிக்கொண்டே உங்களைத் திட்டினேன். செத்தவரைத் திட்டக் கூடாதாம். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் திட்டுவதற்கு?

போன வருஷம் காலைப் பலகாரம் முடிந்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாவியை என்னிடம் நீட்டினீர்களே, நினைவிருக்கிறதா? "நீ ஓட்டு" என்றீர்கள். உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்டார்ட் செய்தேன். கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே வண்டி திரும்பத் திரும்ப அணைந்து நின்றது. எனக்கு ராசி இல்லை என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. இறங்கி ஓடி, ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடினேன். அரை மணி கழித்து ஆள் வந்தபோது உங்கள் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

"நானும் இடிச்சுட்டேன்டி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மறுநாளே ஓட்டியிருப்பேன்.

நீங்கள் போன பிறகு மறுபடி பழகிக்கொண்டேன். இன்று பீடிங்கைப் பிரித்த கையோடு, நம் கொடும்பாளூர் வீட்டிலிருந்து விராலிமலை ஆஸ்பத்திரி வாசல்வரை தனியாக ஓட்டிப் பார்த்தேன். பதினொரு நிமிடம்தான் ஆனது.