முப்பத்தேழாம் எண் பிரேக் கட்டை

மலை முகாம், இமாசலம்
4.5.2025

அன்புள்ள மதிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் "நல்லா கீறேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. இங்கே செல்லுக்கு டவர் கிடையாது, ஆபீசில் இருக்கும் ஒரே போனும் வேலை விஷயத்துக்கு மட்டும்தான். சனிக்கிழமை ரேஷன் ஜீப் இறங்கும்போதுதான் தபாலும் இறங்கும்.

எங்கள் ரயிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். தண்டவாள அகலமே இரண்டரை அடிதான். அணை கட்டும் இடத்துக்குக் காலையில் சிமென்டும் கம்பியும் ஏறும். மாலையில் அதே பெட்டிகளில் வேலையாட்கள் எண்பத்தெட்டுப் பேர் குடியிருப்புக்கு இறங்குவார்கள். எஞ்சின் ஓட்டுவது இசக்கி அண்ணன், திருநெல்வேலிக்காரர். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து பிரேக் சக்கரத்தைத் திருகுவது நான். ஒரகடத்தில் சமதரையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவனுக்கு இங்கே ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டே திருகினேன்.

ஒரு அதிசயம் கேள். போன மாதம் புதுப் பெட்டிகள் வந்தன. சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற இரும்புப் பிரேக் கட்டையெல்லாம் உங்கள் கம்பெனி வார்ப்பு! குனிந்து பார்த்தால் என் சீட்டுக்குக் கீழேயே 37, உன் இன்ஸ்பெக்ஷன் எண். தினமும் காலையில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுகிறேன். சென்ட்ரலுக்கு வழியனுப்ப வராதவள் இமயமலைக்கு வந்துவிட்டாய். மூன்று கடிதமாகக் கேட்கிறேன், அன்றைக்கு ஏன் வரவில்லை? மலைக்குப் போகாதே என்று சண்டை போட்டாய், சரி. அதற்காக முகத்தைக்கூடக் காட்டக் கூடாதா?

கோபம் குறையாமல்,
எல்லப்பன்

*

பிள்ளைப்பாக்கம்
16.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லா கீறேன். போதுமா?

பக்கத்து நிலத்தில் குடோன் கட்ட மண் அடிக்கிறார்கள். துணி காயப்போட்டால் செம்மண் நிறத்தில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வெள்ளைச் சட்டை காவியாகிவிட்டது, திட்டாதீர்கள். அடுத்த மாதம் என்னைப் பெர்மனென்ட் ஆக்கப் போவதாகக் குவாலிட்டி மேனேஜர் சபாபதி சார் சொன்னார். ஆறு வருஷ கான்ட்ராக்டுக்குப் பிறகு இப்போதுதான் என் பெயர் அவர் வாயில் வந்திருக்கிறது.

ஒரு உதவி செய்யுங்கள். 37-க்குக் கீழே சின்னதாகத் தேதி குத்தியிருக்கும். பார்த்து எழுதுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். அதுவரை அதைத் தொட்டுக் கும்பிடவும் வேண்டாம், எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

சென்ட்ரல் பேச்சு இப்போது வேண்டாம்.

உங்கள்
கலைமதி

*

மலை முகாம்
27.5.2025

மதி,

தேதி 10.3. நான் ரயில் ஏறிய அதே நாள். நீ எதற்குக் கேட்டாய் என்று முந்தாநாள்தான் விளங்கியது.

மாலை இறக்கத்தில் மூன்றாவது பெட்டியில் ஒரு கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. பெட்டி முன்னால் இருப்பதை முட்டித் தள்ளியது. நான் சக்கரத்தைத் திருகு திருகென்று திருக, இசக்கி அண்ணன் எஞ்சினிலிருந்து, சக்கரம் வழுக்காமலிருக்கத் தண்டவாளத்தில் மணலைத் திறந்துவிட, வளைவுக்கு நாற்பதடி முன்னால் நின்றோம். யாருக்கும் அடியில்லை. இறங்கிப் போய் முதலில் பார்த்தவன் நான். உடைந்த துண்டில் உன் எண், அந்தத் தேதி. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, எடுத்து ஆற்றில் வீசிவிட்டேன். கல் பட்டு உடைந்தது என்று சொல்லி வேறு கட்டை மாட்டியாயிற்று.

உனக்குப் பெர்மனென்ட் வருகிற நேரம். நீ வாயைத் திறக்காதே. இது என் மேல் ஆணை.

எல்லப்பன்

*

பிள்ளைப்பாக்கம்
5.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஆணையை மீறிவிட்டேன். உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அதற்காகத்தான் மீறினேன்.

அன்றைக்கு நான் சென்ட்ரலுக்கு வந்தேன்.

எங்கள் லைனில் ஒவ்வொரு கட்டையையும் கொக்கியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டுவோம். கணீரென்றால் நல்லது. டொக்கென்றால் உள்ளே விரிசல். தட்டிய பிறகுதான் எண் குத்த வேண்டும். ஆனால் அவசரத்தில் மொத்தத்துக்கும் எண்ணைக் குத்திவிட்டு, அப்புறம் தட்டுவது எல்லோரும் செய்கிற காரியம். அன்று நானும் அறுபது கட்டைக்குக் குத்தி முடித்தேன். மணி இரண்டேகால். உங்கள் ரயில் நாலரைக்கு. தட்ட உட்கார்ந்தால் உங்களைப் பார்க்க முடியாது. காலையில் வந்து தட்டிக்கொள்ளலாம் என்று ஓடிவந்தேன். பூந்தமல்லியில் பஸ் நகரவே இல்லை. பிளாட்பாரத்தில் நுழையும்போது கடைசிப் பெட்டியின் முதுகுதான் தெரிந்தது. மறுநாள் வந்தால் அறுபதும் லாரி ஏறிப் போயிருந்தன. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும்தான். சண்டைக்காரி என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் 37 என்று எழுதியதுமே எனக்கு அந்த அறுபதுதான் நினைவுக்கு வந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும். தேதி வேறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, உங்கள் பதில் வரும்வரை இருபது நாள் சும்மா இருந்தேன். அந்த இருபது நாளும் எண்பத்தெட்டுப் பேர் அதில்தான் இறங்கியிருக்கிறார்கள்.

இன்று காலை சபாபதி சாரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா இது? யாருக்கும் அடிபடல, கட்டையும் ஆத்தோட போச்சு. நீயே வந்து இன்னாத்துக்கு மாட்டிக்கினு கீற?" என்றார்.

"மீதி அம்பத்தொம்போது அங்க ஓடிக்கினு கீது சார். நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணட்டா?" என்றேன்.

என் எதிரிலேயே உங்கள் முகாம் ஆபீசுக்குப் பேசினார். இன்றே உங்கள் ரயில் நின்றிருக்கும். விசாரணை முடியும்வரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

இத்துடன் சுத்தியலை அனுப்புகிறேன். சபாபதி சாரே பார்சல் கட்டிக் கொடுத்தார். உங்கள் ஆட்களுக்குத் தட்டத் தெரியாது, நீங்கள் செய்யுங்கள். கட்டையைக் கழற்றித் தொங்கவிட்டுத்தான் தட்ட வேண்டும். தரையில் வைத்துத் தட்டினால் நல்லதும் டொக்கென்றுதான் கேட்கும். ஒன்றைக்கூட விடாதீர்கள். ஆற்றில் வீசியதையும் உங்கள் எஞ்சினியரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
கலைமதி

*

மலை முகாம்
6.7.2025

அன்புள்ள மதிக்கு,

கோபம் வரவில்லை என்றால் பொய். ரயில் ஒன்பது நாள் நின்றது. வேலையாட்கள் ஏழு கிலோமீட்டர் நடந்து இறங்கினார்கள். நடந்தவர்கள் என்னைத் திட்டினார்கள், நான் உன்னைத் திட்டினேன். சுத்தியல் வந்ததும் திட்டுவதற்கு நேரமில்லாமல் போயிற்று.

இருந்த கட்டைகளையெல்லாம் நானும் இசக்கி அண்ணனும் கழற்றினோம். கொக்கிக்குப் பதில் கம்பியை வளைத்துக் கட்டித் தொங்கவிட்டோம். கணீர், கணீர் என்று போய்க்கொண்டே இருக்கும், நடுவில் ஒரு டொக். மொத்தம் நான்கு டொக். நாலாவது, என் சீட்டுக்குக் கீழே இருந்தது. நான் தினமும் கண்ணில் ஒற்றிக்கொண்டேனே, அதுதான். இசக்கி அண்ணன் அதை வாங்கி இன்னொரு தரம் தட்டிக் கேட்டார். "ஒம்ம வீட்டுக்காரி மட்டும் வாயத் தொறக்கலன்னா நாம எல்லாரும் ஆத்துக்குள்ளதாம்வே கெடப்போம்" என்றார்.

ஆற்றில் வீசியதை எஞ்சினியரிடம் சொன்னேன். பிரேக் வேலையிலிருந்து இறக்கிவிட்டு சிமென்ட் ஏற்ற விட்டிருக்கிறார். சரிதான். ஆனால் கட்டை தட்டுகிற வேலை மட்டும் என்னிடமே இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் தட்டுகிறேன்.

உன்னை நிறுத்திவிட்டார்கள் என்று கார்டு போட்டிருந்தாய். மறைமலை நகரில் புதுக் கம்பெனியிலும் இன்ஸ்பெக்ஷன்தான், பழைய வேலை ஏன் போயிற்று என்று கேட்டவர்களிடம் நடந்ததை அப்படியே சொல்லியும் எடுத்துக்கொண்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதை இசக்கி அண்ணனுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன்.

தீபாவளிக்கு வருகிறேன். சென்ட்ரலுக்கு நீ வர வேண்டாம். கடைசிக் கட்டை வரைக்கும் தட்டிவிட்டு நிதானமாக வா. உன் கம்பெனி கேட்டில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

உன்
எல்லப்பன்