வெட்டாத வீடியோ

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஊரே தூங்கிவிட்டது. நாளைக் காலையில் உன் அம்மா ஜொகூர் பஸ் ஏறுகிறார். அதற்குள் இதை அவர் கையில் சேர்த்துவிட வேண்டும். பகலெல்லாம் எழுத நினைத்தேன், மகளுக்குக் காய்ச்சல், இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

காய்ச்சல் இப்போது குறைந்திருக்கிறது. மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, வழக்கம்போல் நெற்றியில் திருநீறு பூசினேன். பூசிய விரல் இன்னும் மணக்கிறது. பேனாவைப் பிடித்தால் பேனாவும் மணக்கிறது. இந்த வாசனை வரும்போதெல்லாம் எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை. உன் நெற்றிதான் ஞாபகம் வருகிறது.

பள்ளி முடித்த வருடத்திலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நாம் போட்ட பந்தல் நினைவிருக்கிறதா? தைப்பூசத்துக்குப் பந்தல் போடுகிறோம் என்று பெயர்தான் பெரிது. நாலு மேசை, ஒரு கூடாரம், உன் அண்ணன் வேனில் கொண்டுவந்து இறக்கும் ஐஸ் மூட்டை. நீ மாதா கோயில் பெண் என்பது நம் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பந்தலில் உன் குரல்தான் பெரிய குரல். "வாங்க லா, வாங்க லா, சிரப் தண்ணி குடிச்சிட்டுப் போங்க! முருகன் எங்கயும் ஓடிட மாட்டாரு!" காவடி தூக்குகிறவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

விடியற்காலையில் வேலையைத் தொடங்குமுன் எல்லார் நெற்றியிலும் நான்தான் திருநீறு வைப்பேன். உன் முறை வரும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாய். "கொஞ்சமா வைடி. போன வருஷம் கண்ணுக்குள்ள கொட்டிட்ட." அதேபோல் புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் திருவிழாவுக்கு உன்னோடு வந்து நானும் மெழுகுவர்த்தி பிடித்து நடந்திருக்கிறேன். அங்கே யாரும் என்னிடம் எதையும் நிரூபிக்கச் சொன்னதில்லை. மெழுகு கையில் சொட்டினால் மட்டும் நீ திட்டுவாய்.

நான் அந்தத் தமிழர் உரிமை இயக்கத்தில் சேர்ந்ததற்கு நீ ஒரு நாளும் குறை சொன்னதில்லை. முதலில் அங்கே நல்ல வேலைதான் நடந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப் போனோம். நிபோங் திபால் பக்கம் தோட்டத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது அந்தக் குடும்பங்களோடு போய் நின்றோம். அந்தக் கோபம் பொய் இல்லை. இன்றைக்கும் அது பொய் என்று எழுத எனக்குக் கை வராது. ஆனால் கோபத்துக்குத் தினமும் தீனி வேண்டியிருந்தது. இலாகாக்காரர்கள் முடிந்து, மற்ற இனத்தார் முடிந்து, கடைசியில் நம் தமிழர்களிலேயே யார் முழுசு, யார் அரை என்று பார்க்க ஆரம்பித்தோம். இயக்கத்தின் ஃபேஸ்புக் பேஜுக்கு எழுதுகிறவள் நான். காலேஜில் படித்த எழுத்து. ஒரு வரி போட்டால் ஆயிரம் பேர் கொதிப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாம் பிரிந்த அந்த வருடம் நம் பந்தலை இயக்கம் எடுத்துக்கொண்டது. பெரிய கூடாரம், எல்லாருக்கும் ஒரே நிற டி-சட்டை. அண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் தலைவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "தங்கச்சி, இங்க நிக்கிறவங்க எல்லாரும் திருநீறு வச்சிருக்கணும். நீ ஒவ்வொருத்தருக்கா வை. உன் போன்லயே யாராச்சும் வீடியோ எடுக்கட்டும், பேஜ்ல போடலாம்." நான் தட்டை எடுத்துக்கொண்டு நின்றேன். உன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நின்றேன்.

நீ ஐஸ் உடைத்த ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாய். கண்ணை மூடப் போனவள், என் பக்கத்தில் ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்தாய்.

"என்னடி இது, டெஸ்ட்டா?"

"சும்மா லா. பேஜுக்கு."

"நீ வச்சா எப்பவும்போல வச்சுக்குவேன். போனைக் கீழ வைக்கச் சொல்லு. இவங்களுக்கு ஷோ காட்ட என் நெத்தி எதுக்கு?"

தலைவர் அண்ணன் குறுக்கே வந்தார். "என்னம்மா, திருநீறு வைக்க மாட்டியா?"

நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாய். ஒரு வார்த்தை போதும். "போங்கண்ணே, இவ எங்க பொண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வைக்க மாட்டேண்ணே," என்றாய். "இப்படின்னா வேணாம்." அப்புறம் உன் அண்ணனைக் கூப்பிட்டு, "மிச்ச ஐஸையும் எறக்கி வச்சிட்டு வா, வெயில்ல வர்றவங்க குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போனாய்.

அன்று சாயங்காலம் அந்த வீடியோவை வெட்டினேன். முன்னால் நீ சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டேன். பின்னால் வந்த "இப்படின்னா வேணாம்" என்பதையும் எடுத்துவிட்டேன். அண்ணன் கேட்கிறார், நீ வைக்க மாட்டேன் என்கிறாய். அவ்வளவுதான் மிச்சம். 'நம் பந்தலில் நின்றுகொண்டே நம் திருநீற்றை மறுக்கிறார்கள். இனியும் தூங்காதீர்கள்!' என்று மேலே எழுதினேன். அண்ணன் வெட்டச் சொல்லவில்லை. "நல்லதா ஒண்ணு போடு தங்கச்சி" என்றுதான் சொன்னார். எங்கே வெட்டினால் நல்லது என்று கண்டுபிடித்தவள் நான்.

அப்புறம் நடந்தது உனக்குத்தான் என்னைவிடத் தெரியும். நீ வேலை செய்த தாடிகாவில், அந்தப் பாலர் பள்ளியில், பெற்றோர்கள் போன் மேல் போன் போட்டார்கள். இந்த டீச்சர் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறாளோ என்று கேட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டில் இரு என்று நிர்வாகி சொல்லிவிட்டார். நீ எனக்கு அழைத்தாய், நான் எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பியிருந்தாய். உன் குரலில் அழுகை இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "டீ, திட்டமாட்டேன், பயப்படாத. முழு வீடியோவைப் போடு. அவ்ளோதான் கேக்கிறேன்." அதை அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். "பதில் குடுக்காத. பேசினா நீ கரைஞ்சிடுவ," என்றார். நான் கரையவில்லை. அதை ஒரு பெருமையாகக்கூட நினைத்திருந்தேன்.

கொஞ்ச நாளில் உன் பேஜ் காணோம், உன் நம்பர் காணோம். நீ ஜொகூருக்குப் போய்விட்டாய் என்று யாரோ சொன்னார்கள்.

நடுவில் எழுந்து போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன். நெற்றி வேர்த்திருக்கிறது, சட்டையை மாற்றினேன். மூச்சு சீராகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் மூச்சு விடுவதைப் பார்க்காமல் எனக்கு நிம்மதி இல்லை. தாயான பிறகு எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன். நீ பார்த்தால் கேலி செய்வாய்.

நான் இயக்கத்தை விட்டுவிட்டேன். உன் அம்மா சொல்லியிருப்பார். மனசாட்சி உறுத்தி வெளியே வந்தாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது, அதனால் நடந்ததைச் சொல்கிறேன். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது குழந்தையைக் கீழ்மாடி மக்சிக் வீட்டில் விட்டேன். நல்ல மலாய்க்கார அம்மா. என் மகள் அவரைப் பார்த்தால்தான் முதலில் சிரிப்பாள். ஒரு நாள் ஆபீசில் இருக்கும்போது இயக்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மக்சிக் வீட்டுக் கதவருகே அவர் இடுப்பில் என் மகள். கீழே எழுதியிருந்தது: 'ஊருக்குப் பாடம் நடத்துகிறவர்கள் தங்கள் பிள்ளையை எங்கே வளர்க்கிறார்கள், பாருங்கள்.' படித்ததும் எழுத்து நடை பிடிபட்டுவிட்டது. நான் பழக்கிவிட்ட பெண் எழுதியது. அன்று பந்தலில் என் போனைப் பிடித்திருந்தாளே, அவள்தான். கேள்வியில் முடிக்காதே, கட்டளையில் முடி என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அன்றே குழுவில் எழுதினேன், அந்தத் தைப்பூச வீடியோ வெட்டியது, வெட்டியவள் நான் என்று. எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது, உடனே என்னைக் குழுவை விட்டு நீக்கிவிட்டார்கள். துரோகி என்றார்கள். ஆக, உனக்கு நடந்தபோது நான் விழிக்கவில்லை. என் பிள்ளையின் முகம் வந்த பிறகுதான் விழித்தேன். இதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் நல்லவளாக முடியவில்லை.

என் கணவர் அதிகம் பேசாத ஆள். அவர் ஒன்றுதான் கேட்டார்: "குரூப்ல சொன்ன சரி. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

முதலில் உன் தாடிகாவுக்குப் போனேன். நிர்வாகி அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். "இப்ப வந்து சொல்றீங்க. அவளுக்கு அப்புறம் வந்த டீச்சர் யாருக்கும் அவ மாதிரி பாடத் தெரியல," என்றார். அவரும் பயந்துதான் உன்னை அனுப்பினார், அதுவும் அவர் முகத்தில் இருந்தது.

அப்புறம் ஜெலுத்தோங்கில் உங்கள் வீட்டுக்கு. கீழே கார் நிறுத்துமிடம் வரை வந்து, மேலே ஏறாமல் திரும்பிய நாள்கள் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை மகளையும் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். உன் அம்மா கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு? ஓ, லீடரம்மாவா? உள்ள வாங்க லா. வெளிய நின்னா உங்க ஆளுங்க போட்டோ புடிச்சிடப் போறாங்க."

"ஆண்ட்டி, இப்ப நான் அதுல இல்ல ஆண்ட்டி."

"தெரியும். இல்லாட்டி இங்க எதுக்கு வரப்போற?" என் கையிலிருந்து மகளை வாங்கிக்கொண்டார். "புள்ள என்ன பண்ணிச்சு? அதுக்கு பிஸ்கட் குடுக்கலாம். உனக்கு மைலோ குடுக்கலாமா வேணாமான்னு இன்னும் யோசிக்கிறேன்."

கொடுத்தார். குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என் மகளுக்குப் பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "அந்த வீடியோவுல எம்மவ எவ்ளோ அழகா இருந்தா தெரியுமா? அவ கல்யாணப் படத்துலகூட அப்படி விழல. அதைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் திட்டினாங்க. எனக்கு அந்தக் கடுப்புதான் இன்னும் போகல." சிரிக்கச் சொன்னாரா, அழச் சொன்னாரா என்று புரியவில்லை. நான் அழுதேன். அவர் அழவில்லை.

உனக்குக் கல்யாணமானதே அப்போதுதான் எனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு நீ, உன் கல்யாணத்துக்கு நான் என்று சேலை நிறம்வரை பேசி வைத்திருந்தோமே.

உன் நம்பரைக் கேட்டேன். "குடுக்க மாட்டேன். அவ குடுக்கச் சொன்னா குடுப்பேன். எழுதிக் குடு, கொண்டு போறேன். நான் படிக்க மாட்டேன், பயப்படாத. எனக்கு உன் எழுத்தைப் படிச்சது போதும்," என்றார். அதனால்தான் இந்தத் தாள்.

இனி நான் கேட்க வந்தது. அந்த முழு வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. போன் மாற்றினேன், சிம் மாற்றினேன், அதை மட்டும் ஒவ்வொரு முறையும் பத்திரமாக மாற்றி வைத்துக்கொண்டே வந்தேன். இயக்கத்தில் இருந்தபோதும் அழிக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. அதில் நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாய், சிரிக்கிறாய், "நீ வச்சா வச்சுக்குவேன்" என்கிறாய். என்னைப் பார்த்துக் காத்திருக்கிறாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அதில் இருக்கிறது.

அன்றைக்கு நீ முழுசாகப் போடச் சொன்னாய், போடவில்லை. இப்போது, குழுவில் எழுதினேனே அதேபோல், என் பெயரையும் நான் செய்ததையும் எழுதி ஊருக்கே தெரிகிற மாதிரி முழுசாகப் போடத் தயாராக இருக்கிறேன். விரல் அதன் மேலேயே பலமுறை போய் நின்றிருக்கிறது. ஆனால் இப்போது நீ வேறு ஊரில் இருக்கிறாய், வேறு வேலை, புது வீடு. அங்கே யாருக்கும் இது தெரியாமல் இருக்கலாம். என் மனம் ஆற வேண்டும் என்பதற்காக உன் முகத்தை மறுபடியும் ஊர் வாயில் போட எனக்கு உரிமை இல்லை. அன்றைக்கு உன்னைக் கேட்காமல் போட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

போடட்டுமா, அழித்துவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். என்னோடு பேசு, பழகு என்று இதில் கேட்கவில்லை. அதைக் கேட்க இன்னும் வாய் வரவில்லை. பெரிதாக எழுத வேண்டாம். உன் அம்மா திரும்பி வரும்போது ஒரு சொல் சொல்லி அனுப்பினாலும் போதும்.

சீக்கிரம் பதில் சொல்.