ஹாய் ஃபோங்கில் வெந்த பயறு

ஹாய் ஃபோங், வியட்நாம்
14 ஜனவரி 2002

அன்புள்ள ஃபெர்மின்,

நலம்தானே? போனில் பேச ஆரம்பித்தாலே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் உன்னால் நடுவில் கத்த முடியாது.

இங்கே குளிர், தூறல் விடுவதே இல்லை. கம்பெனியில் என்னிடம் தையல் பழகும் பெண்கள் ஷூவின் மேல்தோலை நன்றாகவே தைக்கிறார்கள். சரி, அந்தப் பேச்சு வேண்டாம், உனக்குப் பிடிக்காது.

சிரிக்காமல் படி. எனக்குப் பயறு சமைக்கச் சொல்லிக்கொடு. நம் வீட்டு அடுப்பில் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்குமே, அதே பயறுதான். சோறு, மீன், கீரை என்று இங்கே எதற்கும் குறையில்லை. ஆனால் சாப்பிட்டு எழுந்தால் சாப்பிடாத மாதிரியே இருக்கிறது. நம் ஊர் இளஞ்சிவப்பு 'மே மலர்' பயறு இங்கே யாருக்கும் தெரியவில்லை. சந்தை முழுக்க அலைந்ததில் கறுப்புப் பயறுதான் அகப்பட்டது. விற்கிற தோவா அம்மாள், சர்க்கரை போட்டுக் காய்ச்சிக் குடி, உடம்புக்குக் குளிர்ச்சி என்று ஜாடையிலேயே சொன்னாள். நான் உப்பைப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கொதிக்கவிட்டேன். கூழாங்கல்தான் மிச்சம். பல் போகப் பார்த்தது.

என்ன தப்பு செய்தேன்?

உன்
ஓதிலியா

---

லியோன், மெக்ஸிகோ
19 பிப்ரவரி 2002

என் ஓதிலியா,

சிரித்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து சாப்பிடுவதற்கு மட்டுமே பானை மூடியைத் திறந்தவள் நீ!

முதலில் உப்பு. பயறு மெத்தென்று ஆகிற வரைக்கும் உப்பைக் கண்ணில் காட்டாதே. வாங்கும்போதே அள்ளிப் பார். தோல் சுருங்கியிருந்தால் போன வருஷத்துச் சரக்கு, அது எந்த ஜென்மத்திலும் வேகாது. ராத்திரியே ஊறப்போடு. பாதி வெங்காயமும் ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பும் போட்டு, சின்னத் தீயில் வை. தண்ணீர் வற்றினால் வெந்நீர் ஊற்று, பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பயறு முறுக்கிக்கொள்ளும். கறுப்புப் பயறாக இருந்தால் எபசோத்தே கீரை ஒரு கொத்து போட வேண்டும். அது அங்கே எங்கே கிடைக்கப்போகிறது, விடு.

எனக்கு இப்போது பாதி வாரம்தான் வேலை. வெட்டுவதற்குத் தோல் வருவதில்லை. மாதா கோயில் வாசலில் பக்கத்து வீட்டு எவாரிஸ்தோ மடக்கினான்.

"என்னப்பா ஃபெர்மின், உன் பொண்டாட்டி நம்ம பொழப்பையெல்லாம் மூட்ட கட்டி அந்த ஊருக்காரங்ககிட்ட குடுத்துட்டுத்தான் வருவாளா?"

"அவ தைக்கக் கத்துக்குடுக்கிறா. திருடக் கத்துக்குடுக்கல" என்றேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, அந்தப் பதில் எனக்கே போதவில்லை.

ஒரு ஆளுக்கு மட்டும் பயறு வேகவைக்க என் கைக்கு இன்னும் பழகவில்லை. பானை நிறைய வைத்துவிடுகிறேன். மிச்சம் எவாரிஸ்தோ வீட்டுக் கோழிகளுக்குப் போகிறது. கொழுத்துவிட்டன.

ஃபெர்மின்

---

ஹாய் ஃபோங்
2 ஏப்ரல் 2002

அன்புள்ள ஃபெர்மின்,

வெந்துவிட்டது! விரலால் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நசுங்குகிறது.

இதைக் கேள். எபசோத்தே இங்கே சாக்கடை ஓரத்தில் களையாக வளர்ந்து கிடக்கிறது. வாசனை வந்து நின்றுவிட்டேன். குனிந்து பறித்தேன். வீட்டுக்காரம்மா ஓடி வந்து, என் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "பூச்சியா? வயித்துல பூச்சியா?" என்று பதறினாள். இங்கே குழந்தைகளுக்குப் பூச்சி மருந்தாம் அது. நான் அதைப் பானையில் போட்டதைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டாள்.

என் தையல் வரிசைப் பெண்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். மரியாதைக்குக் கொஞ்சம் வாயில் வைத்தார்கள். நுங் என்றொரு பெண், அவர்களில் அவள்தான் கெட்டிக்காரி, மெதுவாகச் சர்க்கரை டப்பாவை எடுத்தாள்.

"அக்கா கோவிச்சுக்காதீங்க. சர்க்கரை போட மறந்துட்டீங்கன்னு நினைக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு, மிச்சத்தை மசித்துக் கொழுப்பில் வதக்கி, அடுப்படியில் நின்றுகொண்டே தின்றேன். அழுகை வந்தது. ருசி சரியாகத்தான் இருந்தது, ஃபெர்மின். 'உப்பு கம்மி' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

கம்பெனியில் இன்னொரு வரிசை தொடங்குகிறார்கள். இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. 'வா' என்றோ 'இரு' என்றோ நீ ஒரு வார்த்தை எழுது.

உன்
ஓதிலியா

---

லியோன்
20 மே 2002

ஓதிலியா,

தாமதமாகத்தான் எழுதுகிறேன். உன் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாகவே நாள் போய்விட்டது.

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நான் நின்று வேலை பார்த்த மேஜையைக்கூட லாரியில் ஏற்றினார்கள். தூக்க ஆள் போதவில்லை என்றார்கள், நானும் ஒரு கை பிடித்தேன்.

போன வாரம் தெருச் சந்தையில் ஒரு ஜோடி ஷூவைக் கையில் எடுத்தேன். நீ இப்போது இருக்கிற ஊரிலிருந்து வந்தது. குதிகாலுக்கு மேலே தையல் திரும்புகிற இடத்தில் ஒரு தையல் பின்னால் போய், பிறகு முன்னால் வந்திருந்தது. அப்படித் திருப்புகிறவள் இந்த ஊரிலேயே ஒருத்திதான். நீ தைத்ததாக இருக்காது, நீ பழக்கிய பெண் யாராவது தைத்திருப்பாள். எங்கேயாவது பிசிறு இருக்கிறதா என்று வெயிலில் நின்று பார்த்தேன். இல்லை. கடைக்காரன், "வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா வச்சுட்டுப் போ" என்றான். வைத்துவிட்டு வந்தேன்.

உன் மேல் கோபப்பட முயன்றேன். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எவாரிஸ்தோவுக்குப் பதில் சொல்ல மட்டும் இனி என்னால் ஆகாது.

என்னோடு தோல் வெட்டிய நிக்கனோர் வடக்கே எல்லை தாண்டி வெங்காய வயலுக்குப் போகிறான். நானும் அவனோடு நாளைக்குக் கிளம்புகிறேன். வீட்டுச் சாவி எவாரிஸ்தோவிடம் இருக்கும். போகிற இடத்துக்கு முகவரி இல்லை. இருந்தாலும் எழுதுவேனா, தெரியவில்லை.

நீ இரு, ஓதிலியா. கையெழுத்துப் போட்டுவிடு.

ஃபெர்மின்

---

ஹாய் ஃபோங்
3 ஜூன் 2002

அன்புள்ள ஃபெர்மின்,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இந்தத் தபால்காரர்களை நம்பி உட்கார்ந்திருந்தால் கிழவியாகிவிடுவேன் என்று நானே முடிவெடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை. புது வரிசையை நுங் பார்த்துக்கொள்வாள், அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஜூலை முதல் வாரம் கிளம்பி, ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து சேருகிறேன். எவாரிஸ்தோ என்ன வேண்டுமானாலும் பேசட்டும், நேரில் வந்து நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். வேலை இல்லாவிட்டால் என்ன, இரண்டு பேருமாகச் சேர்ந்து ஏதாவது செய்துகொள்ளலாம். எனக்குத்தான் இப்போது சமைக்கவும் தெரிகிறதே.

பஸ் நிலையத்துக்கு நீ வர வேண்டாம். நான் வருகிற அன்று அடுப்புப் பக்கமும் போகாதே. பயறை மட்டும் முந்தின நாளே ஊறப்போட்டு வை. நான் ஆக்குகிறேன், நீ உட்கார்ந்து சாப்பிடு.

இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். கதவைத் தாழ் போடாமல் வை.

உன்
ஓதிலியா