வியாழக்கிழமை அரை மணி நேரம் அருவியைத் திறக்கக் கோரி

அனுப்புநர்:
பதிவறை எழுத்தர்,
நிலப் பதிவு அலுவலகம்.
(வீடு: மருந்துக் கிடங்குக்கு எதிர்ச் சந்து, இரண்டாம் மாடி, பச்சைக் கதவு)

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
மேல் நீர்த்தேக்கக் கோட்டம்,
நீர்வளத் துறை.

பொருள்: அருவி – மேல் நீர்த்தேக்க மதகு – இக்காலாண்டுக்கான சோதனை ஓட்டத்தை வரும் வியாழக்கிழமை முற்பகல் நடத்தக் கோருதல் – நுழைவுப் படிவம், ஒன்பதாவது வினா குறித்த புகார் – மிக அவசரம் – தொடர்பாக.

பார்வை: 1. அருவி நுழைவாயில் அறிவிப்புப் பலகை. 2. மதகு இயக்க விதிகள், விதி 17. 3. மருத்துவமனை அறுவைச் சிகிச்சைச் சீட்டு (நகல் இணைக்கப்பட்டுள்ளது).

மதிப்பிற்குரிய செயற்பொறியாளர் ஐயா,

1. நான் இருபத்தாறு ஆண்டுகளாகப் பதிவறையில் வேலை செய்கிறேன். பிறர் எழுதும் மனுக்களுக்கு எண் இட்டு, கட்டுக் கட்டி, அலமாரியில் அடுக்குவது என் பணி. எனவே மனுக்கள் என்ன ஆகின்றன என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு மனு எழுதுகிறேன் என்பதிலிருந்து என் நிலைமையைத் தாங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

2. என் மனைவி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். இருநூறு இயந்திரங்கள் ஒன்றாக ஓடும் கூடத்தில் நடந்துகொண்டே, எந்த வரிசையில் எந்த இயந்திரத்தின் ஊசி சற்று வளைந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். அவருடைய இடது காது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. இப்போது வலது காதின் நரம்பை ஒட்டி ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது; பக்கத்தில் வந்து கத்தினால்தான் கேட்கிறது. வரும் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அதை எடுக்கிறார்கள். எடுத்தால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் அந்தக் காதும் போய்விடும். எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மருத்துவர் என்னிடம் தனியாகச் சொன்னார். அதை மனுவில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

3. செய்தி பரவியதும் உறவினர்கள் வரத் தொடங்கினார்கள். கேட்கும் சக்தி இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் எதையாவது மனத்தில் வைத்திருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. என் தங்கை வந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் வீட்டு விசேஷத்தில் நடந்த ஒரு மனத்தாங்கலை என் மனைவியின் வலது காதில் கத்திக் கத்தி விளக்கினார். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் மேலே வந்து, "அப்புறம் என்னதான் ஆச்சு, அதைச் சொல்லாமலே போயிட்டாங்களே?" என்று கேட்டார்.

4. அன்று மாலை என் மனைவி என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எல்லாரும் என் காதுல வந்து கத்துறாங்க. யாரும் என்னைப் பாத்துக் கத்தாம, தானாப் பெருசா இருக்கிற சத்தம் ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிடறேன்." என்ன சத்தம் என்று காகிதத்தில் எழுதிக் கேட்டேன். தங்கள் அருவி என்றார்.

5. கூட்டத்தோடு பேருந்தில் போனால் அங்கும் கத்துவார்கள் என்பதால், எங்கள் இருவருக்கு மட்டும் ஒரு நாள் பயணமாக, வழிகாட்டியும் வண்டியும் தனியே ஏற்பாடு செய்தேன். சனிக்கிழமை மருத்துவமனையில் பரிசோதனை இருந்தது. எஞ்சியது நேற்றைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். மேல் நீர்த்தேக்கம் கட்டப்பட்ட பிறகு அருவியில் சனி, ஞாயிறு, காலை பத்து முதல் மாலை நான்கு வரை மட்டுமே தண்ணீர் விடப்படுகிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நுழைவாயில் மட்டும் எல்லா நாளும் திறந்திருக்கிறது. அதாவது வார நாட்களில் அனுமதிச் சீட்டு உண்டு, அருவி இல்லை. ஆகவே ஞாயிறு காலை ஏழு மணிக்கே புறப்பட்டோம்.

6. எங்கள் வழிகாட்டிக்குத் 'தகவல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர். கழுத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கி மாட்டியிருப்பார். வண்டிக்குள்ளும் அதில்தான் பேசுவார். வழியில் ஆறு இடங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம் விளக்குவது அவருடைய முறை. ஐந்தாவது இடம் எதிரொலிப் பாறை. அங்கே அவர் கூவினார். பாறை திரும்பக் கூவியது. என் மனைவி காத்திருந்துவிட்டு, "இன்னும் வரலையே?" என்றார். தகவல் இதைத் தம் தொழிலுக்கே ஏற்பட்ட அவமானமாக எடுத்துக்கொண்டார். "இருங்கக்கா, உங்களுக்குக் கேக்காம இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்" என்று தொண்டை கட்டும்வரை கூவினார். அதில் மட்டும் இன்னொரு முக்கால் மணி நேரம் போயிற்று. அவர்மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

7. நுழைவாயிலை அடைந்தபோது மணி 3.20. தண்ணீர் நிற்க நாற்பது நிமிடம் இருந்தது. கீழே இறங்க இருநூற்று எண்பது படிகள். இறங்க இருபது நிமிடம் போதும். இந்த இடத்திலிருந்துதான் என் புகார் தொடங்குகிறது. யார்மீது என்பதை ஐயா அவர்களே முடிவு செய்யலாம்.

8. நுழைவுப் படிவத்தில் பதினான்கு வினாக்கள் உள்ளன. இரண்டு பிரதிகள் நிரப்ப வேண்டும். ஒன்பதாவது வினா: வருகையின் நோக்கம். அதற்கு நான்கு கட்டங்கள் கொடுக்கப்பட்டுள்ளன: பார்வையிடல், குளித்தல், புகைப்படம் எடுத்தல், ஆய்வு. கேட்பதற்கு வருபவர்களுக்குக் கட்டம் இல்லை. 'இதர' என்று ஒரு கட்டமும் இல்லை.

9. தவறான கட்டத்தில் குறியிட்ட படிவங்களை இருபத்தாறு ஆண்டுகளாகத் திருப்பி அனுப்பி வருபவன் நான். எத்தனை பேரை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கு இல்லை. எனவே சீட்டுக் கொடுக்கும் அம்மையாரிடம் விளக்கம் கேட்டேன். அவர், "எதையாவது ஒண்ணை டிக் போடுங்க சார், யாரும் படிக்கப் போறதில்ல" என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. படிவத்தின் ஓரத்தில் 'கேட்டல்' என்று எழுதிச் சுருக்கொப்பம் இடலாமா என்றேன். ஓரத்தில் எழுதினால் செல்லாது என்றார். மேலதிகாரியைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னேன். அழைத்தார். அவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்தேன். என் மனைவி வரிசைக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தகவல் வந்து, "சார், அருவியை வேணா கொஞ்சம் பாத்துட்டும் வாங்களேன், அப்ப 'பார்வையிடல்' பொய்யாகாது" என்றார். அது சரியான தீர்வு என்று இப்போது தெரிகிறது. அப்போது அதையும் நான் ஆட்சேபித்தேன்.

10. மேலதிகாரி சாப்பிட்டுவிட்டு வந்து, "ஆய்வுன்னு போட்டு அனுப்பும்மா" என்றார். மணி 4.03.

11. மதகை மூடிய பிறகும் வழியில் உள்ள தண்ணீர் சற்று நேரம் விழும் என்று தகவல் சொன்னார். வேகமாக இறங்கினால் கிடைக்கும் என்றார். கட்டியினால் என் மனைவிக்கு நடையில் தடுமாற்றம் உண்டு. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடியும். நூறு படி இறங்கியதும் எனக்கு அருவியின் சத்தம் கேட்டது. ஐயா, அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை; நான் எழுதிப் பழகியதெல்லாம் குறிப்புரைகள். மலையே பேசுவது போல் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். என் மனைவி நின்றார். கம்பியிலிருந்து கையை எடுத்து, மறுபடி வைத்து, "கம்பி அதிருது. அதுவா?" என்றார். ஆம் என்று தலையாட்டினேன். அவர் நடையைக் கூட்டினார். இரண்டு முறை கால் இடறியது.

12. மீதிப் படிகளில் நான் கேட்டுக்கொண்டே இறங்கியது, அந்தச் சத்தம் குறைவதை. ஒரு திருப்பத்துக்கு ஒரு பங்காகக் குறைந்தது. அவருக்கு அது தெரியாது. கடைசிப் படியில் அவர் நிமிர்ந்து பார்த்தபோது ஈரப் பாறை ஒன்று இருந்தது. அதில் குழாய் கசிவது போல் இரண்டு இடத்தில் தண்ணீர் சொட்டியது. தகவல் பழக்கத்தில் ஒலிபெருக்கியை இயக்கி, அருவியின் உயரத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, "அருவி எங்கயும் போயிடாதுக்கா, அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது.

13. என் மனைவி என்னிடம், "நாம இறங்கும்போது சத்தம் இருந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். ஒன்பதாவது வினாவுக்கு நாற்பத்து மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டவன், இதற்கு ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

14. திரும்பும் வழியெல்லாம் அவர் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தார். "பாறை நல்லாத்தான் இருந்துச்சு. தண்ணி இருந்தா அது தெரிஞ்சிருக்குமா?" என்றார்.

15. இன்று காலை தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் தொடர்புகொண்டேன். பிரிவு உதவியாளர் மரியாதையாகப் பேசினார். மனு கொடுத்தால் முப்பது நாட்களுக்குள் பதில் வரும் என்றார். விஷயத்தைச் சொன்னதும், "அருவி வீடியோ எவ்வளவோ இருக்கே சார்? ஹெட்ஃபோன் மாட்டி ஃபுல் சவுண்ட்ல கேக்கச் சொல்லுங்க" என்றார். அந்த யோசனையைத் தட்டிக் கழிக்கவில்லை. உடனே செய்து பார்த்தோம். என் மனைவி ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உங்க ஆபீஸ் மாதிரி இருக்கு. யாரோ காகிதத்தைக் கசக்குறாங்க" என்றார். முப்பது நாள் கழித்து வரும் பதிலையும் நான் அவருக்குப் படித்துக் காட்ட முடியாது. அவரேதான் படித்துக்கொள்ள வேண்டும்.

16. இனி என் கோரிக்கை. விதிக்குப் புறம்பாக எதையும் கேட்கவில்லை. நீர்த்தேக்கத்துக்கு நிலம் எடுத்த கோப்பு எங்கள் பதிவறையில் இருக்கிறது; அதில் மதகு இயக்க விதிகளின் பிரதியும் இருக்கிறது. விதி 17 கூறுவது: காலாண்டுக்கு ஒரு முறை, செயற்பொறியாளர் குறிக்கும் நாளில், முப்பது நிமிடத்துக்கு மிகாமல் மதகை முழுமையாகத் திறந்து மூடிச் சோதிக்க வேண்டும். நுழைவாயில் பலகையின்படி கடைசிச் சோதனை சென்ற காலாண்டில் நடந்தது. இந்தக் காலாண்டு முடிய இன்னும் பதினொரு நாட்களே உள்ளன, நாள் குறிக்கப்படவில்லை. இதைக் குறையாகச் சுட்டவில்லை. இதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்லும் ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

17. மதகுக் காப்பாளரிடமும் பேசினேன். எண்ணைத் தகவல்தான் கொடுத்தார். காப்பாளர் சொன்னது: "நீங்க சொன்னாத் திறக்க முடியாது சார், வேலை போயிடும். இன்ஜினியர் ஒரு வார்த்தை சொல்லட்டும், ரெண்டு நிமிஷ வேலை. கிரீஸ் போட்டுத் துடைச்சு வெச்சிருக்கேன், தேதிதான் வரல." திறந்துவிடும் நீர் வீணாவதும் இல்லை, அது கீழ் நீர்த்தேக்கத்துக்கே போய்ச் சேர்கிறது என்று அவர் உறுதி கூறினார். தங்கள் பதிவேட்டில் 'காரணம்' என்ற இடத்தில் 'சோதனை ஓட்டம்' என்று எழுதலாம். அது உண்மையே. என்னைப் பற்றியோ என் மனைவியைப் பற்றியோ எங்கும் குறிப்பிட வேண்டியதில்லை.

18. செவ்வாயும் புதனும் பரிசோதனைகள் இருக்கின்றன. வியாழன் மாலை ஆறு மணிக்குள் அவரை மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும். அருவியிலிருந்து மருத்துவமனைக்கு மூன்று மணி நேரப் பயணம். படி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஆகவே வியாழன் முற்பகல் பத்து முதல் ஒரு மணி வரை எந்த அரை மணி நேரமானாலும் சரி. முப்பது நிமிடம் முடியாது என்றால் பதினைந்து. அதுவும் முடியாது என்றால், தாங்கள் கொடுப்பது எதுவானாலும்.

19. நுழைவுப் படிவத்தின் ஒன்பதாவது வினாவில் 'கேட்டல்' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்பது என் இரண்டாவது கோரிக்கை. அதற்கு அவசரமில்லை. முப்பது நாள் எடுத்துக்கொள்ளலாம். முப்பது ஆண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

20. ஐயா, கெஞ்சுகிறேன். அலுவலகக் கடிதத்தில் இந்தச் சொல்லை எழுதக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 'வேண்டுகிறேன்', 'பணிவுடன் கோருகிறேன்' என்பவற்றை எழுதிப் பார்த்தேன். அவை நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. தவறு என்னுடையது. தண்டனையை அவர் அனுபவிக்கப் போகிறார். சரி செய்ய என் கையில் ஒன்றும் இல்லை. தங்கள் கையில் ஒரு மதகு இருக்கிறது.

21. இந்த மனுவை நாளை காலை அலுவலகம் திறந்ததும் நேரில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்கிறேன். வியாழன் காலை பத்து மணி முதல் நாங்கள் இருவரும் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்போம். தாங்கள் எழுத்தில் பதில் அனுப்ப வேண்டாம். கடிதம் என் வீட்டுக்கு வந்து சேரச் சனிக்கிழமை ஆகிவிடும். மதகிலிருந்து பாறைக்குத் தண்ணீர் வந்து சேரக் கால் மணி நேரம் போதும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
பதிவறை எழுத்தர்

நாள்: திங்கள், பிற்பகல் 2.10
இடம்: மருத்துவமனை, இரண்டாம் தளம், இரத்தப் பரிசோதனை வரிசை