இரண்டாம் நம்பர் பவளக்கல்

ஜூன் 20, வெள்ளி

கவிநிலா ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்துவிட்டாள். பெட்டியில் துணி இரண்டு, கல் மூன்று. நம்மூர் மலையைச் சுற்றி இல்லாத கல்லா என்று மகளைக் கேட்டேன்.

"இது பவளப்பாறைம்மா. கடல் எறங்கினப்ப கரையில நின்னுபோச்சு. துளை போட்டு எடுத்திருக்கோம்."

உருளையாக, வெள்ளையாக, முழங்கை நீளம். மேல் துண்டுக்கு ஒன்று, நடுவுக்கு இரண்டு, அடிக்கு மூன்று என்று நம்பர் ஒட்டியிருக்கிறாள். ஒவ்வொன்றின் வயது தெரிந்தால், கடல் எப்போது எவ்வளவு உயரத்தில் நின்றது என்று சொல்லிவிடலாமாம். இரண்டு வருட உழைப்பு. வியாழக்கிழமை சென்னை லேபில் கொடுக்க வேண்டும்.

என் வயதையே ரேஷன் கார்டில் தப்பாகப் போட்டிருக்கிறார்கள். இவள் கல்லுக்குப் பார்க்கப் போகிறாள்.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாம் நம்பர் ஈரமாக இருந்ததால் தாம்பாளத்தில் நிற்கவைத்திருந்தாள். பக்கத்து வீட்டு உண்ணாமலை அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி இது?" என்றாள்.

சும்மா இருப்பேனா? "கடலுக்குள்ள தானா மொளச்ச சாமிக்கா. கவிநிலா கனவுல வந்து கூப்பிட்டுச்சாம்."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன்.

ஜூன் 23, திங்கள்

கவிநிலா கீழ்பென்னாத்தூரில் சிநேகிதியின் குழந்தையைப் பார்க்கப் போனாள். நான் கடைகளுக்கு இட்லி மாவு பாக்கெட் போட வேங்கிக்கால் போனேன். சாவி எப்போதும்போல அக்காவிடம். திரும்பி வந்தால் தாம்பாளம் நிறையப் பால். கல்லுக்கு விபூதிப் பட்டை, சந்தனம், அரளி மாலை. எதிரே அக்கா கண்மூடி உட்கார்ந்திருக்கிறாள்.

"பிரதோஷம்டி பாஞ்சால. சாமிய இப்படிப் பட்டினி போட்டு வச்சிருக்கியே. ஒரு லிட்டர் ஊத்தினேன்."

யாரைத் திட்டுவது? சொன்னது நான்தானே.

கழுவித் துடைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி வைத்துவிடலாமா? குழாயைத் திறந்தும் விட்டேன். அப்புறம் மூடினேன். கவிநிலாவுக்கே போன் போட்டேன்.

"உன் கல்லுக்குப் பாலாபிஷேகம் ஆயிடுச்சுடி."

சிரிக்கிறாள். "அப்படியே பொங்கலும் வச்சிடு."

"நிஜம்டி."

"உன் நிஜம் எனக்குத் தெரியாதாம்மா?" வைத்துவிட்டாள்.

மறுபடி போட்டால் எடுக்கவே இல்லை. எத்தனை வருஷமாக இப்படி விளையாடியிருக்கிறேன் நான்?

ஜூன் 24, செவ்வாய்

இரவு அங்கேயே தங்கிவிட்ட கவிநிலா காலையில் வந்து பார்த்தாள். கத்தவில்லை. கார்பனை வைத்துத்தான் வயது பார்ப்பார்களாம். பாலில் இருக்கிற கார்பன் புதுசாம், கல்லில் இருப்பது பல ஆயிரம் வருஷப் பழசாம். உள்ளே இறங்கியிருந்தால் வயதைக் கம்மியாகக் காட்டிவிடுமாம்.

"நடுத்துண்டு போச்சுன்னா மேலயும் கீழயும் வச்சிக்கினு நான் இன்னாம்மா சொல்றது?"

அக்கா அழுதுகொண்டே வந்தாள். "அக்கா மேல தப்பில்ல. நான்தான் விளையாட்டுக்குப் பொய் சொன்னேன்" என்று இரண்டு பேர் எதிரிலும் சொன்னேன்.

கவிநிலா ஒன்றுதான் கேட்டாள். "கழுவினியா?"

"இல்ல."

"நல்ல வேள. கழுவியிருந்தா எது எங்க பட்டுச்சுன்னே தெரியாம போயிருக்கும்."

ஜூன் 25, புதன்

மதிவதனி மேடம், இவளுக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுப்பவர், என்னிடமே போனில் பேசினார். பாக்கெட் பாலா, கறந்த பாலா? எவ்வளவு நேரம் ஊறியது? சந்தனம் எந்த இடம்? ஐந்தாம் வகுப்போடு நின்றவளிடம் ஒருத்தர் இத்தனை கேள்வி கேட்டதே இல்லை. அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வெளிப்பக்கத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு உள்ளிருந்து எடுத்துப் பார்க்கலாம் என்றார். உறுதி ஒன்றும் தரவில்லை.

ஜூலை 16

மூன்று வாரமாக யாரையும் கிண்டல் செய்யவில்லை. வீட்டுக்காரர் ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆகஸ்ட் 30

லேபில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கவிநிலா போனில் சாப்பிட்டாயா என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

அக்டோபர் 9, வியாழன்

மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது கவிநிலாவிடமிருந்து போன். கிரைண்டர் சத்தத்தில் கேட்கவில்லை. அணைத்தேன்.

"மேல் துண்டுக்கு வயசு நாலாயிரத்து சொச்சம் வருஷம்மா. அடித்துண்டு அஞ்சாயிரத்து சொச்சம்."

"நடு?"

"அதோட வயசும் நடுவுலயேதாம்மா இருக்குது. கரெக்டா நடுவுல."

மாவுக்கையோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா என் மூஞ்சியை உற்றுப் பார்த்து, "இது நெசமாடி?" என்று மூன்று தடவை கேட்டாள். கேட்கட்டும். அவளுக்கு உரிமை இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

மதிவதனி மேடம் கோயிலுக்கு வந்தவர் நம் வீட்டில் சாப்பிட்டார். பெரிய படிப்பாளி, குழம்பை மறுமுறை கேட்டு வாங்கினார். கல்லைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"மத்த ரெண்டையும் ஒரு தடவதாங்க பார்த்தோம். பால் பட்டதால இரண்டாம் நம்பர மட்டும் உள்ள மூணு எடத்துல எடுத்து மூணு தடவ பார்த்தோம். மூணும் ஒத்துப்போச்சு. இப்ப எங்களுக்கு ரொம்ப நம்பிக்கையான துண்டு அதுதான்."

அடுத்த தடவை எல்லாக் கல்லுக்கும் பால் ஊற்றிவிடலாமா மேடம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கவிநிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு பாயசம் எடுக்க உள்ளே போனேன்.

கரண்டியைக் கையில் எடுப்பதற்குள் அதையே கவிநிலா சொல்லிவிட்டாள். மேடம் சிரித்தது அடுப்படிவரை கேட்டது.