போனில் நல்லா இருந்தவர்கள்

9 ஜூலை 2024, செவ்வாய்

கணவரை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் முப்பத்தேழாவது நாள். இன்னும் மூன்று மாதம் இந்த மேலப்பாளையம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, வேற்று ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அவர் சவூதியில், தம்மாமில் மௌத்தாகி அங்கேயே அடக்கம். ரியாத்தில் வேலை பார்க்கும் மகன் அஃப்சல் போய் மண் போட்டான். நான் முகம்கூடப் பார்க்கவில்லை.

இன்று மகள் அஸ்ஃபியா போனோடு வந்து உட்கார்ந்தாள். மனநல ஆலோசகராம். போனிலேயே பேசலாமாம். பொம்பளைதானாம், நம்ம பாளையங்கோட்டைக்காரியாம்.

"எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"ஒரு மாசமா ரெண்டு வாய் சோறு இறங்கலையேம்மா உங்களுக்கு."

12 ஜூலை

ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். துக்கத்துக்கு மார்க் போட வேண்டும். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று. எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இத்தனை பூஜ்யம் வாங்கியதில்லை. அல்லாஹ்வின் நாட்டத்தைப் பற்றி யாரோ அனுப்பிய படிவத்திலா குறை எழுதுவது?

16 ஜூலை

முதல் பேச்சு. பெயர் விஜயஸ்ரீ. முப்பத்தைந்து வயது இருக்கும்.

"எப்படி இருக்கீங்கக்கா?"

"நல்லா இருக்கேன், அல்ஹம்துலில்லாஹ். நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் மாமியார், பிள்ளை, பிள்ளையின் படிப்பு எல்லாம் விசாரித்து முடித்தேன். இன்னும் பத்து நிமிஷம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலும் சொல்லி அனுப்பியிருப்பேன்.

30 ஜூலை

"படம் வேண்டாம்னா கேமராவ மூடிக்கோங்க, குரல் போதும்" என்றாள் விஜயஸ்ரீ. மனசு எப்படி இருக்கு என்று கேட்கவில்லை. உடம்பில் எங்கே என்ன செய்கிறது என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நெஞ்சுக்குழியில் அம்மிக்கல். விடிந்தால் பிடரி வலி.

பிறகு கேட்டாள்: "அவர்கூட போன்ல தினமும் என்னக்கா பேசுவீங்க?"

இருபத்து நான்கு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அறுபது நாள் லீவு. மற்றபடி போனில்தான் குடித்தனம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். குளியலறையில் விழுந்து கை ஒடிந்த அன்றும் அதைத்தான் சொன்னேன். மூன்றாவது பிள்ளை தங்காமல் போன அன்றும் அதைத்தான். அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனுஷனிடம் சொல்லி அவர் தூக்கத்தைக் கெடுப்பானேன்? இந்தத் தெருவில் கல்ஃப்காரர் பெண்டாட்டிகள் எல்லோருமே இப்படித்தான். போனைக் காதில் வைத்தால் வாய் தானாகவே நல்லா இருந்துவிடும்.

"அவரு என்ன சொல்வாரு?"

அவரும் அதையேதான் சொல்வார்.

8 ஆகஸ்ட்

ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சட்டைகள், தொப்பி, சவரப் பெட்டி. அடியில் மாத்திரை அட்டைகளும் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டும். அஸ்ஃபியா வாசித்தாள். காஜா முகைதீன், வயது 56. இருதயத்தில் அடைப்பு. தேதி மார்ச் மாதம்.

மூன்று மாதம் தினமும் என்னிடம் நல்லா இருந்திருக்கிறார்.

9 ஆகஸ்ட்

எங்கிட்டயே பொய் சொல்லிட்டீங்களே — நான் சொன்ன பொய்யெல்லாம் உங்களுக்கும் தெரியுமோ?

20 ஆகஸ்ட்

மௌத்தானவர் மேல் கோபம் வருகிறதே, பாவமா என்று விஜயஸ்ரீயிடம் கேட்டேன்.

"உங்க மார்க்கத்துல என்ன சொல்லுதாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்ச ஒருத்தங்ககிட்ட கேளுங்க. நாம பைய பேசுவோம்."

தெரியாது என்று சொன்னாளே, அப்போதுதான் அவள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. எங்களுக்கு ஓதிக் கொடுத்த ஆலிமாவை வரச்சொல்லிக் கேட்டேன். "மாரடிச்சு ஒப்பாரி வைக்கத்தான் கூடாது. கண்ணீர் ரஹ்மத்து, இரக்கம்தான். கோவத்தையும் அல்லாஹ்கிட்டயே சொல்லு" என்றார். அழாமல் இருப்பதுதான் பொறுமை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அஸர் தொழுத பாயிலேயே கிடந்து அழுதேன்.

17 செப்டம்பர்

விஜயஸ்ரீ ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். போனில், யாராவது ஒருவரிடம், உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். அஃப்சல் கூப்பிட்டான். "எப்படிம்மா இருக்கீங்க?" வாய் வரை வந்தது. புள்ள அங்கன தனியா கெடக்கான், அவன்கிட்டயா போய்ச் சொல்றது? சொல்லவில்லை.

3 அக்டோபர்

சொல்லிவிட்டேன்.

"நல்லா இல்லலே. சோறு இறங்கல. உங்க வாப்பா மேல கோவமா வருது. நோயை மறைச்சிட்டாரேன்னு."

அஃப்சல் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"எனக்குத் தெரியும்மா. மார்ச்சுல நாந்தான் தம்மாம் போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். உம்மாகிட்ட சொல்லிராதலே, அவ பயந்திருவான்னாரு. ஆபரேசனை ஊர்ல வந்து பாத்துக்கிடலாம்னாரு."

ஏசினேன். வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே அவரை இங்கன வரவழைச்சிருப்பேனே, உங்க வாப்பா இருந்திருப்பாரே என்றும் சொல்லிவிட்டேன். உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேனே. இனி என்ன செய்ய?

6 அக்டோபர்

மூன்று நாளாக அஃப்சல் கூப்பிடவில்லை.

10 அக்டோபர், வியாழன்

இத்தா நேற்றோடு முடிந்தது. அஸ்ஃபியாவோடு தெருமுனை வரை நடந்தேன். வெயிலில் கண் கூசியது. பிரியாணிக் கடையில் கூட்டம். யாருக்கும் எதுவும் ஆகாதது மாதிரிதான் ஊர் இருக்கிறது.

திரும்பி வந்து விஜயஸ்ரீயின் நம்பரை அஃப்சலுக்கு அனுப்பினேன். அவனை மன்னித்துவிட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இன்னும் இல்லை. மன்னிக்க வருமா என்றும் தெரியாது. ஆனால் அவனையும் போனில் இழந்துவிட முடியாது. நானே கூப்பிட்டேன். உடனே எடுத்தான்.

"தூங்கினியாலே?"

"இல்லம்மா."

"கடைசியில வாப்பாவுக்கு ரொம்ப வலிச்சுதா?"

தூக்கத்திலேயே நிம்மதியாகப் போய்விட்டார் என்று நாலு மாதமாக எல்லோரும் எனக்குச் சொன்ன பதிலை அவனும் சொல்லியிருக்கலாம்.

"வலிச்சுதும்மா. ரொம்ப நேரம் வலிச்சுதுன்னு கூட இருந்தவங்க சொன்னாங்க."

அவன் அழுவது கேட்டது, நான் அழுதது அவனுக்குக் கேட்டிருக்கும். போனை யாரும் வைக்கவில்லை.